தொழுவத்தின் மேல் இரண்டு புதுத் தகரம்

போன வருஷம் ஆடிக் காற்று எங்கள் மாட்டுத் தொழுவத்துக் கூரையிலிருந்து இரண்டு தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று வரப்பில் செங்குத்தாகக் குத்தி நின்றதாம், இன்னொன்று கிணற்றடியில் அப்பளம் மாதிரி மடங்கிக் கிடந்ததாம். தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, குற்றாலத்தில் சாரலை அள்ளித் தெளிப்பதும் அதுதான், எங்கள் ஊரில் தகரத்தைப் பிடுங்குவதும் அதுதான். அம்மா ஃபோனில், "மாடு கண்ணு எல்லாம் நல்லாருக்குய்யா, நீ ஒண்ணும் பதறிக்கிட்டு ஓடியாராத" என்றாள். நான் அந்த வெள்ளிக்கிழமையே சென்னையில் பொதிகை ரயிலில் ஏறிவிட்டேன்.

அந்தக் கூரை அப்பா 1987-ல் போட்டது. மொத்தம் 11 தகரம். காற்று கொண்டுபோனது போக 9 நின்றது. போல்ட் அடித்த இடங்களில் மட்டும் கொஞ்சம் செந்துரு, மற்றபடி ஆற்று மணல் காய்ந்தால் ஒரு நிறம் வருமே அந்த நிறம், சாம்பலும் இல்லை வெள்ளையும் இல்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒரு நிறம் என்று நான் பார்த்ததே இல்லை. தொழுவம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு புதுத் தகரம் நடுவில் போய் உட்கார்ந்த பிறகுதான் பழசுக்கு நிறம் இருப்பதே தெரிந்தது.

புதுசு வாங்கியதும் லேசில் நடக்கவில்லை. கடையில் கேட்டால், "இப்பல்லாம் யாரு அண்ணாச்சி சாதா தகரம் கேக்கா, கலர் ஷீட் கொண்டுபோங்க" என்றார்கள். நீலம் இருந்தது, செங்கல் சிவப்பு இருந்தது, கிளிப்பச்சை இருந்தது. இன்னொன்று பார்க்க அசல் ஜி.ஐ., அதாவது இரும்பின் மேல் துத்தநாகம் மட்டும் பூசிய சாதா தகரம் மாதிரியே இருந்தது, ஆனால் அது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, நூற்றுக்கு 55 அலுமினியம். அது சீக்கிரத்தில் மங்காது, அதுதான் அதன் பெருமை. எனக்கு வேண்டியது மங்குகிற தகரம். நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு குடோனில் மூலையில் சாத்தி வைத்திருந்ததில் மூன்று எடுத்தேன், இரண்டு கூரைக்கு, ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று. ஜே போல்ட், தார் வாஷர் எல்லாம் வாங்கி, கொத்தனார் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிழக்குத் தெரு மாடி வீட்டுச் சித்தி, துண்டை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டாள். "ஏய்யா, ஊருக்கெல்லாம் சூரியன் கிழக்குல உதிக்கி, எங்க வீட்டுக்கு மட்டும் மேற்குல உதிக்கி, என்னத்தப் போட்டு வச்சிருக்க?"

தெருவில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கிழவர் வாயில் புதுசாகக் கட்டிய வெள்ளிப் பல் மாதிரி இரண்டு மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றது. வெயில் பட்ட இடம் கண்ணைக் குத்தியது.

சரி, இதில் என்ன இருக்கிறது, புதுசு என்றால் பளபளக்கத்தானே செய்யும் என்று யாரும் சொல்லலாம், அம்மா சொன்னாள். சித்தியின் கண் கூச்சம் எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். உண்மையில் அந்த இரண்டைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கூரையில் நான் ஒட்டுப்போட்டுக் கெடுத்துவிட்ட மாதிரி ஒரு உறுத்தல். அந்த உறுத்தலோடுதான் அடுத்த ஆறு மாதமும் போயிற்று, இந்தக் கட்டுரையும் அதனால்தான்.

பழசாக்கும் ஆசை

சென்னையில் நான் அடிக்கடி போகிற ஒரு காபிக் கடையில் சுவர் முழுக்கத் தகரம் அடித்திருக்கிறார்கள். மங்கலான, அங்கங்கே கறுப்பும் வெள்ளையும் படர்ந்த தகரம். எந்த ஊர் கிட்டங்கியை இடித்துக் கொண்டுவந்தார்களோ என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேன். சிரித்தார்கள். புதுத் தகரம்தானாம், ஆசிட் விட்டுப் பழசாக்கியதாம், பழசாக்கும் கூலி தகரத்தின் விலையைவிட அதிகமாம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். எங்கள் ஊரில் 'தகரக் கொட்டாய்' என்பது வசவு. சினிமாக் கொட்டகையோ பள்ளிக்கூடமோ, தகரம் போட்டிருந்தால் ஓடு போட வசதியில்லை என்று அர்த்தம். அப்பா ஓலையிலிருந்து தகரத்துக்கு மாறியபோது அவருக்கு அது பெரிய காரியம், மாறிய அன்று கூரை பளபளப்பதைத் தெருவில் நின்று பார்த்தாராம், யாராவது கண் கூசுகிறது என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் மகன் அதே தொழுவத்தின் மேல் ஏறி, பளபளப்பை எப்படிக் கொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு இருந்தான்.

ஆனால் அந்தக் காபிக் கடை ஆளின் பேச்சு மண்டைக்குள் தங்கிவிட்டது. ஆசிட் விட்டால் ஒரு மணி நேரத்தில் முப்பது வருஷம் ஏறும் என்றால், எனக்குத் தேவையும் அதுதானே?

புளி, வினிகர், மயில்துத்தம்

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தபோது ஆரம்பித்தேன். தகரம் வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தது. அதை ஒரு சாண் அகலத்துக்கு ஐந்தாக நறுக்கி, பின்பக்கம் ஆணியால் எண் கீறி, கிணற்றடிச் சுவரில் வரிசையாகச் சாத்தினேன். ஐந்தாவதை ஒன்றும் செய்யாமல் விடுவதாகத் திட்டம், பள்ளிக்கூடத்து ஆய்வகப் புத்தி.

முதல் துண்டுக்குப் புளி. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும். பித்தளையைப் பளபளக்க வைக்கிற புளி தகரத்தை மங்க வைக்கும் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான், மேல்தோலைப் புளிப்பு கரைக்கிறது. பித்தளையில் மேலே இருப்பது களிம்பு, அது போனால் உள்ளே மஞ்சள் மினுங்கும். தகரத்தில் மேலே இருப்பதே துத்தநாகம், அதைத்தான் அது கடிக்கிறது. ஆச்சி இருந்தவரை தகர வாளியில் மோர் ஊற்ற விட மாட்டாள், புளித்தண்ணீரும் கூடாது. "வாந்தி வரும்லே" என்பாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், புளிப்பில் கரைந்த துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் குமட்டும். என் புளித்துண்டு மறுநாள் காலை திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது, அதைவிட முக்கியமாக, முழுக்க எறும்பு.

இரண்டாவதுக்கு மளிகைக் கடை வினிகர். துணியில் நனைத்துப் போர்த்தி வைத்தேன். முதல் தடவை ஒன்றுமே ஆகவில்லை, சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. அப்புறம்தான் புரிந்தது, புதுத் தகரத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதோடு அடுக்கி வைத்திருக்கும்போது வெள்ளைத் துரு பிடிக்காமலிருக்க ஆலையிலேயே மெல்லிசாக ஒரு மருந்துப் பூச்சும் கொடுத்து அனுப்புகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் லேசாகத் தேய்த்து, மறுபடி போர்த்தினேன். இப்போது துணிக்கு அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. ஹைட்ரஜன். மாலையில் எடுத்துப் பார்த்தால் மினுமினுப்புப் போய் மோர் நிறத்தில் மங்கியிருந்தது. மோசமில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். தோப்புக்குப் போர்டோ கலவை அடிக்க வாங்கியது வீட்டில் மிச்சம் இருந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து விட்ட மாத்திரத்தில் தகரம் கறுத்தது. வினிகர் ஒரு பகல் முழுக்கச் செய்ததை இது இரண்டு மூச்சுக்குள் செய்துவிட்டது, அம்மாகூட எட்டிப் பார்த்து "என்னலே இது, மை தடவுன மாதிரி" என்றாள். நீலக் கரைசலில் உள்ள செம்பு வெளியே வந்து படிகிறது, அந்த இடத்துக்குத் துத்தநாகம் கரைந்து உள்ளே போகிறது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். நன்றாகக் கறுத்தது, நன்றாகக் கையிலும் ஒட்டியது. படிந்த செம்பு சும்மாவும் இருக்காது, மழைத் தண்ணீர் பட்டால் பக்கத்தில் மிச்சமிருக்கும் துத்தநாகத்தை இன்னும் வேகமாகத் தின்னும். துத்தநாகப் பூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகளில் இதே மயில்துத்தக் கரைசலில்தான் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமாக முக்கி எடுப்பார்கள், எத்தனையாவது முக்கலில் செம்பு இரும்பின் மேல் சிவப்பாக ஒட்டுகிறது என்று எண்ணுவார்கள். பூச்சு எப்போது தீரும் என்று பார்க்கிற சோதனையை நான் அலங்காரமாகச் செய்துகொண்டு இருந்திருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், துத்தம், துத்தநாகம் என்று இரண்டும் நம் ஆட்கள் வாயில் ஒட்டிக்கொண்டே வருகிறது. கிழக்கிலிருந்து கப்பலில் போன துத்தநாகத்தை ஐரோப்பிய வியாபாரிகள் 'டூட்டநேக்' என்று சொன்னதற்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு இருக்கிறது. ராஜஸ்தானில் ஜாவர் என்ற இடத்தில் பல நூறு வருஷம் முன்பே மண் மூசைகளில் துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்திருக்கிறார்கள், அந்த மூசைகள் அங்கே இன்னும் மலை மலையாகக் கிடக்கின்றன. உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குப் பிரான்சில் சொரெல் என்பவர் 1837-ல் காப்புரிமை வாங்கினார். அவர் காப்புரிமை வாங்கியது துருவைத் தடுக்க. பளபளப்பு தானாக வந்து சேர்ந்தது.

நான்காவது துண்டை எடுத்துக்கொண்டு டவுனில் வண்டிக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற அண்ணாச்சியிடம் போனேன். அவர் துண்டை வாங்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "பெயிண்ட் அடிக்கவா?" என்றார். இல்லை, பழசு மாதிரி ஆக்க வேண்டும் என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம், "ஜி.ஐ. மேல நேரா எனாமல் அடிச்சா பாம்பு சட்ட உரிச்ச மாதிரி உரிஞ்சு வரும் தம்பி, அதுக்கு முதல்ல ஒரு கழுவல் கழுவுவோம், அதக் கழுவித் தாரேன், உங்களுக்கு வேண்டியது அதுதான்" என்று ஒரு குப்பியை எடுத்தார். பாஸ்பாரிக் அமிலம், தண்ணீர் கலந்தது. பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, பத்து நிமிஷம், தண்ணீர். எலி நிறத்தில் ஒரே சீராக வந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால்கூட மினுங்கவில்லை. காசு வாங்கவில்லை, ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "கூரைக்குன்னா எதுக்கு தம்பி இதெல்லாம், ரெண்டு மழ பாத்தா தானா அடங்கிரும்."

அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவசரம், மறுநாள் ராத்திரி ரயில். பாஸ்பாரிக் வாங்க மறுபடி டவுனுக்குப் போக வேண்டும், ஆனால் தெருவிலேயே ஆசிட், பினாயில் என்று கூவிக்கொண்டு சைக்கிளில் ஒருவர் போனார்.

கக்கூஸ் ஆசிட். ஹைட்ரோகுளோரிக். அதைத் துண்டில் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல் ஏணியைப் போட்டு நேராகக் கூரையில் ஏறிவிட்டேன், அம்மாவின் பழைய சேலைத் துணியை ஒரு குச்சியில் சுற்றி. முதல் இழுப்பிலேயே சீறியது. வெள்ளையாக நுரை, மூக்கைப் பொத்துகிற ஆவி, கண்ணில் தண்ணீர். நல்லவேளை காற்று எனக்கு எதிர்ப்பக்கம் போயிற்று. தொழுவத்துக்குள்ளிருந்த பசு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்ததும்தான், ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று புத்தியில் உறைத்தது. அம்மா ஓடிவந்து மாட்டை அவிழ்த்தாள். நான் கழுவ வாளியைக் கேட்டேன், பக்கத்தில் நிறைந்து நின்ற வாளியைத் தூக்கப் போனவள் சட்டென்று அதை வைத்துவிட்டுக் கிணற்றில் இறைத்தாள். அந்த வாளியில் தொழுவம் கழுவப் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்தாள். அதை ஆசிட்டின் மேல் ஊற்றியிருந்தால் கிளம்புவது குளோரின் வாயு. அம்மாவுக்கு குளோரின் தெரியாது, "ரெண்டு மருந்த ஒண்ணா சேக்கக் கூடாதுன்னு தோணிச்சு" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு தகரத்தில் பாதிக்கு மேல் ஆசிட் விட்டிருந்தேன். காய்ந்த பிறகு கீழே நின்று பார்த்தபோது மங்கியிருந்தது, நானே மெச்சிக்கொண்டேன். சித்திகூட "இப்ப தேவல" என்றாள். சென்னைக்கு வந்துவிட்டேன்.

அரிசி டிரம்

பொங்கலுக்கு மறுபடி ஊர். முதல் வேலையாகக் கூரையைப் பார்த்தேன். ஆசிட் விட்ட இடம் முழுக்கச் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளை, அதன் நடுவில் ஓரத்தை ஒட்டி மிளகாய்ப்பொடி தூவினாற்போல ஏழெட்டுச் செம்புள்ளி. மூன்று மாதத்தில் செந்துரு. அப்பாவின் தகரத்தில் போல்ட்டடியில் அந்தச் சிவப்பு வர முப்பது வருஷம் ஆகியிருந்தது.

இதைப் பற்றி அம்மாவிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை, வேறு வேலை கொடுத்தாள். அரிசி டிரம்மில் வண்டு விழுந்திருக்கிறது, எல்லாவற்றையும் அள்ளி வெயிலில் போட்டுவிட்டு டிரம்மைத் துடைத்து வை என்றாள். அந்த டிரம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சமையலறை மூலையில் நிற்கிறது, இடுப்பு உயரம், வெளியே மங்கல், பிடி பக்கம் கைபட்டுக் கைபட்டுக் கறுப்பு, தரை துடைக்கிற ஈரத்தில் அடிவளையம் மட்டும் துருவேறி அரித்திருக்கும். அரிசியை எல்லாம் அள்ளி முடித்து, அடியில் ஒட்டிய தவிட்டைத் துடைக்கத் தலையை உள்ளே விட்டு, ஃபோன் விளக்கைப் போட்டேன்.

உள்ளே பளபளவென்று இருந்தது.

புதுசு மாதிரி என்று சொல்ல மாட்டேன், புதுசேதான். தகரத்தில் பூ இருக்கும் பாருங்கள், உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்ட வைத்த மாதிரி, உருகிய துத்தநாகம் ஆறும்போது உறைகிற கட்டங்கள், இப்போது வருகிற தகரம் பலவற்றில் அந்தப் பூவைப் பொடிப்பொடியாக்கிவிட்டார்கள், கண்ணுக்கே தெரிவதில்லை. டிரம்முக்குள் ஒவ்வொரு பூவும் புளியிலை அளவு இல்லை, பூவரசிலை அளவு. விளக்கை அசைக்க அசைக்க ஒன்று மங்கும், அடுத்தது மினுங்கும். தலையை வெளியே எடுக்காமலேயே, "இது எப்பம்மா செஞ்சது?" என்று கத்தினேன், குரல் டிரம்முக்குள் சுற்றி எனக்கே கேட்டது.

"தொழுவத்துக்குத் தகரம் வாங்குனோம்லா, அதுல ஒண்ணு மிஞ்சிச்சு. ஒங்கப்பா பத்து வைக்கிற ஆளக் கூட்டியாந்து திண்ணையில உக்கார வச்சு அடிச்சாரு. ஒரு நாள் பூரா டங்கு டங்குன்னு."

அப்போது ஒரே கடை, ஒரே நாள், ஒரே அடுக்கு. 12 தகரம் வாங்கி 11 கூரைக்குப் போயிருக்கிறது, ஒன்று வீட்டுக்குள் வந்து அரிசியைச் சுமந்திருக்கிறது. நான் கொல்லைக்குப் போய், காற்று கிணற்றடியில் மடக்கிப் போட்டிருந்த பழைய தகரத்தில் ஒரு முனையை வளைத்து வளைத்து ஒடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். டிரம் மூடியைத் திருப்பி, உள்பக்கத்தின் மேல் அதை வைத்தேன். ஒரே தகரம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அதுவரை நான் மங்கல் என்பதைப் பளபளப்புத் தேய்ந்துபோன மிச்சம் என்று நினைத்திருந்தேன், வெள்ளைச் சட்டை துவைத்துத் துவைத்துப் பழுப்பாகிற மாதிரி. அப்படியென்றால் நாள் ஆக ஆக டிரம்மின் உள்ளும் கொஞ்சமாவது மங்கியிருக்க வேண்டும். 37 வருஷம் அதற்கும்தானே ஆகியிருக்கிறது. நாள் இரண்டுக்கும் ஒன்று, மழை ஒன்றுக்குத்தான். பழைய துண்டின் மேல் ஒரு ஆணியால் கீறிப் பார்த்தேன், நகத்தில் மாவு மாதிரி வந்தது, கீறலுக்கு அடியில் வெள்ளிக் கோடு. தேய்ந்தால் உள்ளே பளபளப்பு இருக்காது. மேலே ஏதோ வந்து மூடியிருக்கிறது.

வந்து மூடுவது என்னவென்று சொன்னால் சாதாரணம்தான். காற்று பட்டதும் துத்தநாகத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு. பனியோ மழையோ நனைத்தால் அது ஹைட்ராக்ஸைடு, காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட். அந்தக் கார்பனேட்தான் சாம்பல் நிறம், அது தண்ணீரில் கரையாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அடியில் இருப்பதைக் காக்கும். முழுசாகப் படிய ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை பிடிக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும், அதுதான் முக்கியம். நனைந்தது காயாமலே கிடந்தால் வருவது வேறு, வெள்ளைத் துரு. கைவசம் இருக்கட்டும் என்று வாங்கிய மூன்றாவது தகரத்தைக் கொல்லையில் பழைய தகரத்தோடு சேர்த்துப் படுக்கப் போட்டிருந்தேனே, அதைத் தூக்கிப் பார்த்தால் ஒட்டியிருந்த பக்கம் முழுக்க மாவு பூத்திருந்தது.

அப்படியானால் நான் வினிகரும் ஆசிட்டும் வைத்துச் செய்தது என்ன? கண்ணுக்கு அதே மங்கல். ஆனால் கூரையில் மழை ஒன்றைப் படிய வைத்திருக்கிறது, நான் ஒன்றைக் கரைத்து ஓடையில் விட்டிருக்கிறேன். அண்ணாச்சியின் பாஸ்பாரிக்கை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன், அது துத்தநாகத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் கரையாத ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போகிறது, வீட்டுக்குள் ஒரு விளக்குக்கோ கேட்டுக்கோ மங்கல் வேண்டுமென்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

கணக்கு

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நான் வாங்கிய தகரத்தில் சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு. அது இரண்டு பக்கமும் சேர்த்து, இதுவே பலருக்குத் தெரியாது. ஒரு பக்கம் 60 கிராம், தடிமன் எட்டு மைக்ரானுக்குச் சற்று மேல், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு சுமார். 275 கிராம் பூச்சிலும் தகரம் வரும், கேட்டு வாங்க வேண்டும், நான் நிறத்தைப் பார்த்து வாங்கியவன், கேட்கவில்லை. எட்டடிக்கு மூன்றரை அடி தகரத்தில் மேல்பக்கத்துத் துத்தநாகம் மொத்தமே 150 கிராமுக்குக் கொஞ்சம் கூட. மளிகைக் கடை வினிகர், நூற்றுக்கு நான்கு என்று வைத்தால், ஒரு லிட்டர் முழுதாக வேலை செய்து முடித்தால் 22 கிராம் கரைக்கும், அதாவது ஏழில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பத்து ஹைட்ரோகுளோரிக் ஒரு லிட்டர் 90 கிராம் கரைக்கும். பாதிக்கு மேல் போச்சு. கடலும் தொழிற்சாலைப் புகையும் தள்ளியிருக்கிற எங்கள் மாதிரி ஊரில், மழையும் வெயிலும் சேர்ந்து ஒரு வருஷத்தில் எடுப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பழசு மாதிரி தெரியட்டும் என்று நினைத்தேன். தகரம் உண்மையிலேயே பழசாகிவிட்டது, ஆயுள் கணக்கில். காபிக் கடைச் சுவரில் அது பரவாயில்லை, அங்கே மழை பெய்யாது.

மறுநாள் காலையில் ஏறி, செம்புள்ளி வந்த இடத்தையெல்லாம் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் இரண்டு கை அடித்துவிட்டு இறங்கினேன். ஆசிட் படாத அடுத்த தகரத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன், ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும் பார்த்தது. பளபளப்பு பாதி அடங்கியிருந்தது. மேலே தூசி தட்டிய மாதிரி ஒரு நீலச்சாம்பல், தண்ணீர் வழிந்த தடத்தில் கொஞ்சம் கூடுதல். விரலால் தேய்த்தேன், வரவில்லை.

இந்த வருஷச் சாரல் நன்றாகவே இருந்தது. அரை மணி நேரம் தூறும், அரை மணி நேரம் வெயிலடிக்கும், மறுபடி தூறும், குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் மாதிரி தகரத்துக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது போல. போன வாரம் போனபோது தெருவில் நின்று பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் விட்ட தகரம் பழைய ஒன்பதோடு சேர்ந்துகொண்டுவிட்டது, இன்னும் ஒரு சாயல் இளசு, தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அம்மா இடையில் ஒரு சுரைக்கொடியை வேறு கூரையில் ஏற்றிவிட்டிருக்கிறாள், கண் கூசுகிறது என்று சித்தி சொன்ன அன்றே விதை போட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை. முதல் கொடி காய்த்து ஓய்ந்து, இது இரண்டாவது.

ஆசிட் விட்ட தகரம் மட்டும் தனியாகத் தெரிகிறது. வெள்ளைத் திட்டு, அதன் மேல் பிரைமரின் சாம்பல் திட்டு, நடுவில் என் துணிக்குச்சி போன தடம். சுரைக்கொடி ஏனோ அந்தப் பக்கம் போகவில்லை. சித்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய்யா, வெளிச்சமெல்லாம் நின்னு போச்சு. ஆனா அந்த ஒரு தகரத்துல மட்டும் கொக்கு கூட்டமா வந்து ஒக்காருதோ? ஒரே எச்சமா கெடக்கு" என்றாள்.

ஆமாம் சித்தி, கொக்குதான் என்றேன்.